தரிசா விட்ட வயலை மறுபடி ஈரநிலமா மாத்தும்போது மண்ணுக்குள்ள இருக்குற நுண்ணுயிரை எப்படித் திரும்ப வர வைக்கிறது

வயலுக்குத் தண்ணி நின்னாச்சு, கோரை முளைச்சாச்சு, நாலு நாரை வந்து நிக்குது, அப்ப ஈரநிலம் ரெடின்னு நெறைய பேரு நெனைச்சிடுறாங்க. நானும் அப்படித்தான் நெனைச்சேன். எங்க பெரியப்பா நிலம் பெருமாள் ஏரிக்குக் கிழக்கால தாழ்வான பக்கம், ஐப்பசி கார்த்திகைல வருஷா வருஷம் முழுகும், 2015 வெள்ளத்துக்கு அப்புறம் சம்பா வைக்கிறதையே விட்டுட்டாங்க. கொஞ்ச வருஷத்துல சீமைக் கருவேலமும் நெய்வேலி காட்டாமணக்கும் ஏறிடுச்சு. "இது ஆதியில தாங்கல்டா, எங்க தாத்தா காலத்துலதான் வடிகால் வெட்டி வயலாக்குனாங்க"ன்னு பெரியப்பா ஒரு நாள் சொன்னாரு, தாங்கல்னா மழைத் தண்ணி தேங்கி நிக்குற சின்ன ஏரி மாதிரி, அதுல இருந்துதான் இதைத் திரும்ப தாங்கலாவே ஆக்கிடலாம்னு ஆரம்பிச்சோம். மேல தெரியுற பச்சையும் பறவையும் சீக்கிரமா வந்துடுது, ஆனா கீழ மண்ணுக்குள்ள இருக்குற பாக்டீரியா, பூஞ்சை கூட்டம் வயல் பழக்கத்துலேயே ரொம்ப நாள் கிடக்கும், அதை எப்படிப் பாக்குறது, எப்படி உதவி பண்றது, எதைப் பண்ணவே கூடாதுங்கிறதைத்தான் இங்க எழுதுறேன். கடலூர், சிதம்பரம், பாகூர் பக்கம் இந்த மாதிரி நிலம் வெச்சிருக்கவங்களுக்கு நேரா உதவும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், இது புரியலன்னா மத்தது எதுவும் ஒட்டாது. நமக்கு மூச்சு விட ஆக்ஸிஜன் மாதிரி மண்ணுக்குள்ள இருக்குற நுண்ணுயிருக்கும் மூச்சுக்கு ஏதாவது ஒண்ணு வேணும். காஞ்ச வயல்ல மண் துளைக்குள்ள காத்து இருக்கு, ஆக்ஸிஜன் வெச்சு வாழுறதுங்க அங்க ராஜா. தண்ணி நின்ன உடனே காத்து உள்ள போறது நின்னுடும், இருக்குற ஆக்ஸிஜன் ஒண்ணு ரெண்டு நாள்லயே தீந்துடும். அதுக்கப்புறம் கல்யாணப் பந்தி மாதிரி, ஒரு பந்தி எழுந்தா அடுத்த பந்தி உக்காரும். அடுத்து நைட்ரேட்டை வெச்சு மூச்சு விடுறதுங்க, அப்புறம் மாங்கனீஸ், அப்புறம் இரும்பு, அப்புறம் சல்ஃபேட், இது எல்லாம் தீந்த கடைசிப் பந்திதான் மீத்தேன் விடுற கூட்டம். ரெடாக்ஸ்னு லேப்ல மில்லிவோல்ட்ல அளக்குறது இதைத்தான். சுமாரா ப்ளஸ் 300க்குக் கீழ இறங்குனா ஆக்ஸிஜன் காலி, மைனஸ் 100, 200ன்னு போகும்போது சல்ஃபேட் கூட்டம் வேலை செய்யும், அதுக்கும் கீழ மீத்தேன். நல்ல ஈரநிலம்னா இந்த எல்லாப் பந்தியும் ஒரே மண்ணுல பக்கத்துப் பக்கத்துல நடக்கும், மேல சில மில்லிமீட்டர்ல ஆக்ஸிஜன், ஒரு இன்ச் கீழ இரும்பு, வேர் ஓரத்துல மறுபடி ஆக்ஸிஜன். வயல்ல இருந்து வந்த மண்ணுல இந்த அடுக்கு கலைஞ்சு போயிருக்கும், ஏன்னா ஏரும் டிராக்டரும் வருஷா வருஷம் எல்லாத்தையும் கலக்கிட்டே இருந்திருக்கு. கூடவே யூரியா, டிஏபி போட்டுப் போட்டு நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொட்டிக் கிடக்கும், மக்குன கார்பன் மட்டும் கம்மியா இருக்கும்.

தண்ணி விடுறதுக்கு முன்னாடியே மண் எடுத்து வைங்க

இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. தண்ணி நின்னதுக்கு அப்புறம் "முன்னாடி எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா யாராலயும் சொல்ல முடியாது. ஆவணி புரட்டாசில, மழை புடிக்கிறதுக்கு முன்ன, நிலத்தை மேடு, நடு, பள்ளம்னு மூணா பிரிச்சுக்கோங்க. ஒவ்வொண்ணுலயும் எட்டு பத்து இடத்துல மண்வெட்டியால வி மாதிரி குழி போட்டு 0ல இருந்து 5 சென்டிமீட்டர், 5ல இருந்து 15, 15ல இருந்து 30ன்னு தனித்தனியா எடுங்க, ஒரே ஆழத்து மண்ணை மட்டும் ஒரு பக்கெட்ல கலந்து அரைக்கிலோ பையில போடுங்க. ஆழத்தைக் கலந்துட்டா வேலையே வீண், ஏன்னா மாற்றம் முதல்ல தெரியப்போறது மேல 5 சென்டிமீட்டர்லதான்.

அதே நாள்ல பக்கத்துல கெடாம இருக்குற ஒரு ஈரநிலத்துலயும் அதே மாதிரி எடுங்க. இதுதான் உங்க அளவுகோல். எங்களுக்கு ஏரி ஓரத்துல கோரை மண்டுன ஒரு மூலை கிடைச்சுது. பாண்டிச்சேரி பக்கம் இருக்கவங்களுக்கு ஊசுடு ஏரி, பாகூர் ஏரி ஓரம் நல்ல ஒப்பீடு, ஆனா ஊசுடு பறவை சரணாலயம், வனத்துறைகிட்ட கேட்காம ஒரு கைப்பிடி மண்ணும் எடுக்காதீங்க. பொதுப்பணித்துறை ஏரின்னா அங்கயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறது மரியாதை, பின்னாடி வம்பும் வராது.

எடுத்த மண்ணை ரெண்டா பிரிங்க. ஒரு பங்கை நிழல்ல உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்க, பிஎச் (புளிப்பா களரான்னு காட்டுறது), இசி (உப்பு எவ்வளவுன்னு காட்டுறது), கரிமக் கார்பன், பாஸ்பரஸ் நாலும் கண்டிப்பா வேணும். விருத்தாசலம் கேவிகே (வேளாண் அறிவியல் நிலையம்), புதுச்சேரிக்காரங்களுக்கு குரும்பாபேட் கேவிகே, ரெண்டு இடத்துலயும் வழி கேட்கலாம். இன்னொரு பங்கை உலர்த்தவே கூடாது, ஜிப் கவர்ல காத்தை அமுக்கி வெளியேத்தி ஐஸ் பெட்டியில வெச்சு ஃப்ரீசருக்கு கொண்டு போயிடணும், என்னிக்காவது டிஎன்ஏ டெஸ்ட் பண்ண வாய்ப்பு வந்தா இதுதான் பேசும்.

இசி பத்தி ஒரு விஷயம், நம்ம கடலோரத்துல ரொம்ப முக்கியம். லேப்ல சாச்சுரேஷன் எக்ஸ்ட்ராக்ட் முறையில, அதாவது மண்ணைத் தண்ணியில குழைச்சு அதுல இருந்து பிழிஞ்சு எடுத்த தண்ணியில, மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல போனா அது உவர்மண். நீங்க கடையில வாங்குன டிடிஎஸ் மீட்டரை வெச்சு ஒரு பங்கு மண்ணு அஞ்சு பங்கு டிஸ்டில்டு வாட்டர்னு கலக்கிப் பாத்தா வர எண் வேற, அதை 4ஓட நேரா ஒப்பிடாதீங்க, உங்க நிலத்தோட முந்தின அளவோட மட்டும் ஒப்பிடுங்க. சில்வர் பீச்ல இருந்து கிள்ளை வரைக்கும் 2004 சுனாமில கடத்தண்ணி ஏறுன நிலம் நெறைய இருக்கு, உப்பு எவ்வளவுன்னு தெரியாம செடி நடவே கூடாது, நுண்ணுயிர் கூட்டமே உப்பைப் பொறுத்துத்தான் யாரு யாருன்னு முடிவாகுது.

தண்ணி: எவ்வளவுங்கிறதை விட எப்படி ஏறி இறங்குதுங்கிறதுதான் விஷயம்

வடிகாலை அடைக்கணும், அவ்வளவுதான் பெரிய வேலை. ஜேசிபி கூப்பிட்டு நிலத்தை முழுக்கக் கொத்திப் புரட்டாதீங்க. நெல்லு வெச்ச நிலத்துல ஒரு சாண் கீழ இறுகிப் போன ஒரு அடுக்கு இருக்கும், சேத்துழவு அடிச்சு அடிச்சு வந்தது. தோட்டப் பயிருக்கு அது தொல்லை, நமக்கு அது வரம், தண்ணியைத் தாங்குறதே அதுதான். வடிகால் வாய்க்கால்ல பத்து பதினஞ்சு அடிக்கு ஒரு இடத்துல களிமண்ணை மிதிச்சு மிதிச்சு அடைங்க, ஒரே எடத்துல பெருசா போட்டா கார்த்திகை மழையில பிச்சுக்கும். உள்வரப்பை அங்கங்க வெட்டி விடுங்க, வெளிவரப்பைப் பலப்படுத்துங்க, பக்கத்து வயல்காரருக்குத் தண்ணி போகாதுன்னு அவரையே கூட்டிட்டு வந்து காட்டிடுங்க. ஒரு சின்ன மதகு, பலகை போட்டு எடுக்கிற மாதிரி, கண்டிப்பா வேணும்.

முதல் வருஷம் நாங்க பண்ண தப்பு இங்கதான். தண்ணி நிறைய நின்னா நல்லதுன்னு மூணடி ஆழத்துக்குக் கட்டி வெச்சோம், தை முடியுற வரைக்கும் பலகையைத் தொடவே இல்ல. கீழ மண்ணு கறுத்து அழுகின முட்டை நாத்தம், குட்டி மீனெல்லாம் ஒரு விடியற்காலை மிதந்துச்சு, அதைப் பாத்து நின்னது இன்னும் மனசுல இருக்கு. அதுக்கப்புறம் கணுக்கால்ல இருந்து முழங்கால் வரைக்கும், ஒரு சாண், ஒண்ணரை சாண் ஆழம்தான். ஐப்பசி மழையில ஏறட்டும், மார்கழி வரை நிக்கட்டும், தைக்கு மேல மெதுவா இறங்கட்டும், சித்திரையில மேடான பகுதி காஞ்சு வெடிச்சாலும் பதறாதீங்க. இந்தக் காய்ச்சலும் பாய்ச்சலும்தான் நம்ம பக்கத்து தாங்கலோட இயல்பு. காயும்போது மேல் மண்ணுல அம்மோனியாவை நைட்ரேட்டா மாத்துற கூட்டம் வேலை செய்யும், மறுபடி தண்ணி நிக்கும்போது அந்த நைட்ரேட்டை எடுத்து நைட்ரஜன் வாயுவா காத்துக்கே திருப்பி விடுற கூட்டம் வேலை செய்யும், டெனிட்ரிஃபிகேஷன்னு சொல்றது. ரெண்டும் மாறி மாறி நடந்தாதான் வருஷக்கணக்கா கொட்டுன யூரியாவோட மிச்சம் நிலத்தை விட்டுப் போகும். கோடை கழிச்சு முதல் மழைக்கு மண்ணு குப்புனு மூச்சு விடுற மாதிரி வாசனை வருமே, அந்த மண்வாசனையில முக்கியமான சரக்கு ஆக்டினோமைசீட்ஸ்னு ஒரு பாக்டீரியா வகை செய்யுற ஜியோஸ்மின். அந்த முதல் ஈரத்துல நுண்ணுயிர் கூட்டம் திடீர்னு எழுந்து கார்பனையும் நைட்ரஜனையும் கடகடன்னு மக்க வைக்கும், அதனால முதல் தண்ணியை ஒரேடியா நிரப்பாம கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

தண்ணி வழி சரியில்லன்னா மத்த எதுவும் நடக்காதுங்கிறதுக்கு நம்ம மாவட்டத்துலயே பெரிய பாடம் பிச்சாவரம். அது வயல் இல்ல, மரம் மொத்தமா வெட்டுன அலையாத்திக் காடு, ஆனா கதை ஒண்ணுதான். வெட்டுன இடம் தொட்டி மாதிரி பள்ளமாகி, ஏறுன உப்புத் தண்ணி இறங்க வழியில்லாம வெயில்ல வத்தி வத்தி உப்பு தாங்க முடியாம ஏறிடுச்சு, சும்மா கன்னு நட்டா நிக்கல. 1990கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன் முள்ளு மாதிரி கால்வாய் வெட்டி கடல் ஏத்த இறக்கத்தோட தண்ணியைப் போய் வர விட்டாங்க, உப்பு கழுவிப் போச்சு, வெண்கண்டல்ங்கிற அலையாத்தி மரம் வந்துச்சு. 2022ல பிச்சாவரம், உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் சேந்துடுச்சு.

கிள்ளை பக்கம் பழைய அலையாத்தி சேறைக் காயப்போட்டு வயலாக்குன நிலம் இருந்தா ஒரு எச்சரிக்கை. அந்தச் சேத்துல இரும்பும் கந்தகமும் சேந்த பைரைட் இருக்கலாம், காத்து பட்டா அது அமிலமாகும், பிஎச் 4க்குக் கீழ போகும், வைக்கோல் மஞ்சள்ல புள்ளி தெரியும். அந்த மாதிரி தெரிஞ்சா தோண்டுறதை அன்னிக்கே நிறுத்தி, ஈரமாவே வெச்சிருங்க.

பழைய உரத்தோட மிச்சம்

முதல் வருஷம் தண்ணி பச்சைக் குழம்பா ஆச்சுன்னா ஆச்சரியப்படாதீங்க. டிஏபி பாஸ்பரஸ் மண்ணுல இரும்போட ஒட்டிக்கிட்டு இருக்கும். தண்ணி நின்னு இரும்புப் பந்தி ஆரம்பிச்ச உடனே இரும்பு கரையுது, ஒட்டியிருந்த பாஸ்பரஸ் அவுந்து தண்ணிக்கு வருது, பாசி கொண்டாடுது. நைட்ரஜன் காத்துல போயிடும், பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்ல, கையால எடுத்து வெளிய போட்டாதான் போகும். அதுக்கு சம்பு, கோரை நல்லா வளர விட்டு, மாசி பங்குனில அறுத்து நிலத்தை விட்டு வெளிய கொண்டு போங்க. கோரையைப் பாய்க்குக் கொடுக்கலாம், சம்பை மாட்டுக்கொட்டாயில படுக்கைக்குப் போடலாம், தென்னைக்கு மூடாக்கு போடலாம். எல்லாத்தையும் அறுக்காதீங்க, மூணுல ஒரு பங்கு நிக்கட்டும், அதுதான் மண்ணுக்கு அடுத்த வருஷ கார்பன், பறவைக்கும் மறைவு. பாஸ்பரஸ் ரொம்ப ரொம்ப அதிகம்னு லேப் சொன்னா மேல் மண்ணை ஒரு நாலு விரல் அளவு வழிச்சு எடுக்குற முறையும் இருக்கு, ஆனா செலவு, கூடவே இருக்குற கொஞ்ச நஞ்ச கார்பனும் போயிடும், என்னைக் கேட்டா அது கடைசி வழி.

எதை வாங்கி ஊத்தக்கூடாது

இதை நான் அழுத்திச் சொல்லணும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பாக்கெட், ஈஎம் கரைசல், பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம், இதையெல்லாம் ஈரநிலத்துல ஊத்தாதீங்க. பயிருக்கு அதுக்கு அதுக்கு இடம் இருக்கு, நான் குறை சொல்லல, எங்க கத்திரித் தோட்டத்துக்கு நாங்களே போடுறோம். ஆனா அது பயிர் வேருக்குன்னு தேர்ந்தெடுத்த கூட்டம், இல்லன்னா வெல்லமும் சாணியும் சேந்த சத்துக் கரைசல். ஏற்கெனவே சத்து அதிகமா இருக்குறதுதான் நம்ம பிரச்சனையே. நாங்க ஒரு மூலையில ட்ரம் கணக்கா ஊத்துனோம், பத்து நாள்ல அந்த மூலைதான் முதல்ல நாறுச்சு. ஒரு சிட்டிகை மண்ணுலயே கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு, நெறைய வகை தூங்கிக்கிட்டே கிடக்கும், காத்துல, தண்ணியில, வாத்து கால்ல ஒட்டியும் வந்துக்கிட்டே இருக்கும். விதைக்கு ஆள் பஞ்சம் இல்ல, அதுங்களுக்கு ஏத்த மாதிரி இடம்தான் இல்ல.

கார்பன் கொடுக்கணும், அதுவும் நைட்ரஜன் கம்மியா இருக்குற கார்பன். வைக்கோல், காஞ்ச கோரை, கருவேலம் வெட்டுன சிராய். கருவேலத்தை வெட்டுனா அங்கயே கொளுத்தாதீங்க, அந்த இடத்து மண்ணு மேல் அடுக்கே வெந்துடும். தழைச்சத்து கம்மியான இந்தச் சரக்கை மக்க வைக்க நுண்ணுயிர் மண்ணுல மிதமிஞ்சி இருக்குற நைட்ரேட்டை இழுத்துக்கும், டெனிட்ரிஃபிகேஷன் கூட்டத்துக்கும் சாப்பாடு கிடைக்கும். மேடான பகுதியில மெல்லிசா, மண்ணு கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு மட்டும் பரப்புங்க, பள்ளத்துல குவிக்காதீங்க.

வாங்கி ஊத்துறதுக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு நம்பிக்கையா பண்ணலாம், பக்கத்து நல்ல ஈரநிலத்து மண்ணைக் கொஞ்சம் கொண்டு வந்து தூவுறது. பாலுக்கு உறைமோர் ஊத்துற மாதிரி. நெதர்லாந்துல பழைய விவசாய நிலத்துல இதைப் பண்ணிப் பாத்து 2016ல வெளியிட்டாங்க, மெல்லிசா தூவுன அந்நிய மண்ணு எந்த இடத்துல இருந்து வந்துச்சோ அந்த இடத்துச் செடிக்கூட்டத்தைப் பாத்தே நிலம் நகர்ந்துச்சு, மேல் மண்ணை எடுத்துட்டுத் தூவுன இடத்துல இன்னும் நல்லா. அது புல்லுக்காடு, புதர்க்காடு, நம்ம களிமண் தாங்கல் இல்ல, இருந்தாலும் வழி சரியான வழி. நாங்க பண்ணது இப்படி: அனுமதி வாங்கி, தண்ணி வத்துன ஓரத்துல மேல் 5 சென்டிமீட்டர் மட்டும், ஒரே இடத்துல எடுக்காம அங்க ஒரு கை இங்க ஒரு கைன்னு, சென்ட்டுக்கு ரெண்டு அன்னக்கூடை. ஈரச் சாக்கு போட்டு மூடி, அன்னிக்கே பொழுது சாயறதுக்குள்ள தட்டுத் தட்டாத் தூவிட்டோம். உப்பு அளவு ரெண்டு இடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். ஆகாயத்தாமரை, காட்டாமணக்கு குச்சி ஒண்ணு கூட வரக்கூடாது, காட்டாமணக்கு ஒடிஞ்ச குச்சியில இருந்தே துளிர்க்கும்.

வேர்தான் மண்ணுக்குள்ள காத்துக் குழாய்

கோரை, சம்பு, நீர்முள்ளி, அல்லி, கொட்டி, இதெல்லாம் தண்டுக்குள்ள காத்து போற துளை வெச்சிருக்கும், மேல இருக்குற ஆக்ஸிஜன் வேர் நுனி வரைக்கும் இறங்கி மண்ணுக்குள்ள கசியும். கோரையைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்க, வேர்ல துரு மாதிரி ஆரஞ்சு பூச்சு இருக்கும், கரைஞ்ச இரும்பு அந்த ஆக்ஸிஜன் பட்டுப் படிஞ்சது. அந்த வேர் ஓரத்துலதான் மீத்தேனைத் தின்னுற பாக்டீரியா, நைட்ரேட் செய்யுறது, அதை உடைக்கிறது எல்லாம் ஒரு நூல் இடைவெளியில வாழுது. அதனால செடி விஷயத்துல ஒரே வகையை வரிசையா நடாதீங்க, வேற வேற ஆழத்துல வேர் போற அஞ்சாறு வகை கலந்து வைங்க. உப்புள்ள ஓரத்துக்கு உமரி. மேட்டுக்கு நீர்மருது. அசோலா கொஞ்சம் தானா வந்தா பரவாயில்ல, அதோட இலைக்குள்ள நைட்ரஜன் புடிக்கிற நீலப்பச்சைப் பாசி இருக்கு, ஆனா நம்ம நிலத்துக்கு நைட்ரஜன் தேவையில்ல, நாமளா விட வேணாம். நீர்ப்பரப்பை மூடுற அளவுக்கு வந்தா வழிச்சு மாட்டுக்குப் போட்டுடுங்க.

மாறுதான்னு எப்படிப் பாக்குறது

இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, செலவும் ஆயிரத்தைத் தொடாது.

இரும்புக் கம்பி. வெல்டிங் பட்டறையில பூச்சு எதுவும் இல்லாத சாதா எம்.எஸ். கம்பி, பென்சில் அளவு தடிமன், ரெண்டடி நீளத்துல ஒரு டஜன் வெட்டி வாங்குங்க. உப்புத்தாளால பளபளன்னு தேச்சு, அரையடி வெளிய தெரியுற மாதிரி மண்ணுல இறக்கிடுங்க. ஆறு வாரம் கழிச்சு உருவுனா ஆக்ஸிஜன் இருந்த ஆழம் வரைக்கும் ஆரஞ்சுத் துரு, அதுக்குக் கீழ துரு இல்லாம சாம்பலாவோ கறுப்பாவோ இருக்கும். உருவுன அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்துடணும், வெளிக்காத்து பட்டா மொத்தமும் துருப் புடிக்க ஆரம்பிச்சிடும். வெறும் சேத்துல துரு கோடு நேரா முடியும், வேர் நெறைய உள்ள இடத்துல கோட்டுக்குக் கீழயும் திட்டுத் திட்டா துரு இருக்கும். அந்தத் திட்டைப் பாத்த அன்னிக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்னு சொல்லத் தெரியல.

வலைப்பை. கொசுவலைத் துணியில உள்ளங்கை அளவு பை தைச்சு, நல்லா காஞ்ச கோரை 10 கிராம், நகைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசுல எடை போட்டு உள்ள வைங்க. நம்ம நிலத்துல பத்து, ஒப்பீட்டு நிலத்துல பத்து, ஒரு விரல் ஆழத்துல புதைச்சு கயிறு கட்டிக் குச்சியில அடையாளம் வைங்க. 30 நாள், 60 நாள், 90 நாள்ல மூணு மூணு எடுத்து, சேறு போக மெதுவா அலசி, காய வெச்சு எடை போடுங்க. இங்க ஒரு பொறி இருக்கு: சீக்கிரம் மக்குனா நல்லதுன்னு வயல் கணக்குல நெனைக்காதீங்க. நிறைஞ்ச ஈரநிலத்துல மக்குறது மெதுவாத்தான் நடக்கும், அதனாலதான் அங்க கார்பன் சேருது. வேகமும் வேண்டாம், நிக்கவும் வேண்டாம், ஒப்பீட்டு நிலத்து எடையை நெருங்குதான்னு மட்டும் பாருங்க. பழைய பருத்தி வேட்டித் துண்டைப் புதைச்சும் இதே மாதிரி பாக்கலாம், பாலியஸ்டர் கலந்தது ஆகாது.

கறுப்புச் சேறு. ஒரு கட்டி எடுத்து உடைச்சு காத்துல வைங்க. ஒரு மணி நேரத்துல கறுப்பு மங்கி பழுப்பாச்சுன்னா அது இரும்பு சல்ஃபைடு, சல்ஃபேட் கூட்டம் வேலை செய்யுது, வர விஷ வாயுவை இரும்பு புடிச்சுக்குது, பயமில்ல. அப்படியே கறுப்பா இருந்தா மக்குன கார்பனோ கரியோ. முட்டை நாத்தம் நாள் கணக்கா மூக்கைத் துளைச்சா இரும்பு தீந்து வாயு மிச்சமாகுதுன்னு அர்த்தம், வேரை அது கொல்லும், பலகையை எடுத்து ஒரு வாரம் தண்ணியை இறக்குங்க. சேத்துல நடக்கும்போது குமிழி வந்தா பெரும்பாலும் மீத்தேன். நன்னீர் ஈரநிலம் மீத்தேன் விடும்ங்கிறது உண்மை, மறைக்க வேணாம். கடத்தண்ணி கலக்குற இடத்துல சல்ஃபேட் நிறைய இருக்குறதால மீத்தேன் கூட்டத்துக்குப் பந்தியில இடம் கம்மி. நன்னீர் நிலத்துல வருஷத்துல சில மாசம் தண்ணி இறங்குறதே மீத்தேனைக் குறைக்கும், ஆழமா வருஷம் முழுக்கக் கட்டாதீங்கன்னு சொல்றதுக்கு இதுவும் காரணம்.

அப்புறம் பாட்டில். பள்ளிக்கூடப் பிள்ளைங்க இருந்தா இதைக் கண்டிப்பா பண்ணுங்க. ஒரு லிட்டர் தெளிவான பாட்டில், நிலத்துச் சேறு, கிழிச்ச செய்தித்தாள் ஒரு கைப்பிடி, ஒரு முட்டை மஞ்சக்கரு, நொறுக்குன முட்டை ஓடு, எல்லாம் பிசைஞ்சு முக்கால் வரை போட்டு மேல ரெண்டு விரல் தண்ணி, மூடியை லேசா மூடி வெளிச்சமான ஜன்னல்ல வைங்க. ரெண்டு மாசத்துல அடியில கறுப்பு, நடுவுல ஊதா, பச்சைன்னு பட்டை பட்டையா ஏறும். விநோகிராட்ஸ்கின்னு ஒரு ரஷ்யர் 1880கள்ல கண்டுபுடிச்ச வழி. நம்ம நிலத்துச் சேறுல ஒண்ணு, ஏரிச் சேறுல ஒண்ணு பக்கத்துல பக்கத்துல வெச்சா எந்தப் பட்டை எதுல சீக்கிரம் வருது, எது வரவே இல்லன்னு பிள்ளைங்களே சொல்லிடும். எங்க அண்ணன் பொண்ணு நோட்டுல கலர் பென்சில்ல வாராவாரம் வரைஞ்சு வெச்சிருக்கா, எனக்கு அது லேப் ரிப்போர்ட்டை விட உசத்தி.

டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு வழி கிடைச்சா, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வேளாண் புலமோ பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையமோ மாணவர் ஆய்வா எடுக்குமான்னு போய்க் கேளுங்க. பேர்ப் பட்டியல் மட்டும் வாங்கிட்டு வராதீங்க. நூறு பேரு தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. முன்னாடி ஃப்ரீசர்ல வெச்ச மண்ணு, இப்ப உள்ள மண்ணு, ஒப்பீட்டு நிலத்து மண்ணு, மூணையும் ஒண்ணா ஓட்டச் சொல்லி, நம்மது எதுக்குக் கிட்ட இருக்குன்னு கேளுங்க. எடுத்த மாசம் ஒண்ணா இருக்கணும், சித்திரை மண்ணையும் கார்த்திகை மண்ணையும் ஒப்பிட்டா வர வித்தியாசம் பருவத்தோடது.

எவ்வளவு நாள் ஆகும்

தண்ணி நின்ன சில வாரத்துலயே பிஎச் 6.5, 7 பக்கம் வந்து நிக்கும், களர் பக்கம் இருந்ததும் இறங்கும், புளிச்சதும் ஏறும். பாக்டீரியா ஆள் மாறுறது மாசக் கணக்கு. வேர் மண்டி இரும்புப் பூச்சு தெரியறது ரெண்டாவது மூணாவது பருவம். மண்ணுல கார்பன் சேர்றது, அதுதான் ரொம்ப மெதுவு. உலகம் முழுக்க 621 ஈரநிலத்தை அலசி 2012ல வந்த ஒரு ஆய்வுல, நூறு வருஷம் ஆன பிறகும் மீட்ட நிலங்க சராசரியா கெடாத நிலத்தை விட உயிர் அமைப்புல 26 சதவீதமும், கார்பன், நைட்ரஜன் மாதிரியான மண் வேலையில 23 சதவீதமும் கீழதான் இருந்துச்சுன்னு பாத்தாங்க. அதே ஆய்வுல பெரிய நிலமும், வெப்பமான ஊர் நிலமும் சீக்கிரம் தேறுதுன்னும் வந்துச்சு. நம்ம வெயிலு நமக்கு உதவுது, ஆனா எங்க மூணு ஏக்கர் சின்னது, அதனால பக்கத்துல தரிசு வெச்சிருக்க ரெண்டு பேருகிட்டயும் பேசிக்கிட்டு இருக்கோம், வாய்க்காலால இணைச்சா ஒரே நிலமா நடக்கும். இருக்குற ஈரநிலத்தை அழிச்சிட்டு வேற எடத்துல புதுசா உருவாக்கிக்கலாம்னு யாராவது சொன்னா அவங்ககிட்ட இந்த 621 கணக்கைச் சொல்லுங்க.

முதல் வருஷம் நாலு தடவை மண்ணு எடுங்க, புரட்டாசி, கார்த்திகை, மாசி, சித்திரை. ரெண்டாவது வருஷத்துல இருந்து புரட்டாசியும் மாசியும் போதும். ஒரே நோட்டுல தேதி, தண்ணி ஆழம், இசி, பிஎச், கம்பியில துரு எத்தனை சென்டிமீட்டர், நாத்தம் உண்டா இல்லையான்னு எழுதுங்க, போன்ல மட்டும் வெச்சிருந்தா போன் போனா எல்லாம் போச்சு. நடுவுல ஒரு வருஷம் மழை பொய்ச்சா, இல்ல 2011ல வந்த 'தானே' புயல் மாதிரி ஒண்ணு வந்து எல்லாத்தையும் புரட்டிட்டா, அதையும் எழுதி வைங்க, அந்த வருஷத்துக் கணக்கை வெட்டாதீங்க, அதுக்கப்புறம் எது முதல்ல திரும்பி வருதுங்கிறதுதான் அந்த மண்ணோட பலத்தைக் காட்டும். இந்தப் புரட்டாசிக்கு எங்களுக்கு அடுத்த பன்னெண்டு கம்பி இறக்கணும், பட்டறையில சொல்லி வெச்சிருக்கேன்.